நீக்கம்மாவின் பட்டியல்

நூலகர்கள் என்றால் வாயில்லாப் பூச்சிகள் என்று நினைப்பவர்கள் அவர்களுடைய மின்னஞ்சல் குழுவை ஒருநாளும் படித்திருக்க மாட்டார்கள். பகலெல்லாம் அடுத்தவர்களைச் சத்தம் போடாதே என்று அடக்கிவிட்டு, அடக்கிய சத்தத்தையெல்லாம் அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். மொத்தம் நாலாயிரத்து இருநூறு பேர். சோப்பு செய்வது பற்றிய புத்தகத்தை வேதியியலில் வைப்பதா கைத்தொழிலில் வைப்பதா என்று தொடங்கும் பேச்சு, மூன்றாம் நாள் இன்னார் வாங்கிய பட்டம் அசலா போலியா என்பதில் போய் நிற்கும்.

அந்த நாலாயிரத்து இருநூறு வாய்களுக்கும் இருந்தது ஒரே கதவு. கதவுக்குக் காவல் ஒரு கல்லூரியின் தலைமை நூலகர், ஐம்பத்து நாலு வயதுக்காரி. யார் எதை எழுதினாலும் முதலில் அவளுடைய வரிசையில் வந்து நிற்கும். அவள் படித்துவிட்டு 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தினால்தான் மற்றவர்களுக்குப் போகும். பதினோரு வருஷமாக இந்த வேலை. சம்பளம் கிடையாது, நன்றி சுத்தமாகக் கிடையாது. குழுவைத் தொடங்கியவர் உடம்புக்கு முடியாமல் போனதும் கடவுச்சொல்லை இவளிடம் ஒப்படைத்தார். யாரென்று தெரிந்தால் சிபாரிசுக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று எச்சரித்தும்விட்டார். அதனால் குழுவில் அவளுக்குப் பெயரில்லை, வெறும் 'நெறியாளர்'. கூடவே வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியாது. வீட்டில் நாத்தனாருக்கு மட்டும் தெரியும். நாத்தனாருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு கதவுகூடச் சாத்த முடியாது.

யாரையாவது குறை சொல்கிறது என்பதற்காக அவள் எந்தப் பதிவையும் நிறுத்தியதில்லை. கெட்ட வார்த்தை இருந்தால் மட்டும் திருப்பி அனுப்புவாள். மேலதிகாரிக்குப் பயந்தவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டால், பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் போடுவாள். எழுதியவர் யார் என்பது அவளோடு மண்ணுக்குப் போகும். இதில் ஒரு நூலிழை பிசகியதில்லை என்பது அவளுடைய பெருமை. அந்தப் பெருமையில் கர்வமும் கொஞ்சம் கலந்திருந்தது. பதினோரு வருஷம் சும்மா உழைத்தவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

ஒரே ஒரு கைப்பழக்கம் உண்டு. தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. யாராவது வகைப்பாட்டு எண்ணில் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தால், பதிப்பு ஆண்டைத் தப்பாக எழுதியிருந்தால், சத்தமில்லாமல் திருத்திவிட்டுத்தான் அனுமதிப்பாள். நூலகர் புத்தி அது. முதுகில் ஒட்டிய எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாத மாதிரிதான். குழுவில் எல்லோரும் 'புலி' என்று அழைக்கும் ஒருவர், நூலகப் புத்தகங்களுக்கு அட்டவணை போடுகிறவர், ஒரு தடவை, நான் எழுதியதைத் திருத்த நெறியாளர் என்ன எனக்கு வாத்தியாரா என்று நாலு பக்கத்துக்கு உறுமியிருந்தார். அவள் அதையும் அனுமதித்தாள். அதிலிருந்த இரண்டு ஆண்டுகளைத் திருத்திவிட்டு.

அந்தத் திங்கட்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு வரிசையைத் திறந்தாள். முதலாவதாக நின்றது பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒரு பதிவு. அனுப்பிய முகவரி தெரிந்த முகவரி. தெரிந்ததென்ன, ஒன்றரை வருஷமாக அவளுக்கு எதிர்மேஜையில் உட்காருகிற முகவரி. அவளுடைய உதவி நூலகர்.

பதிவு நீளமில்லை. எங்கள் தலைமை நூலகர் போன விடுமுறையில் யாரையும் கேட்காமல், நீக்கக் குழுவைக் கூட்டாமல், ஆயிரம் புத்தகங்களை நீக்கிக் காகிதக் கூழுக்கு அனுப்பிவிட்டார். பூஞ்சை பிடித்துவிட்டது என்றார். மேல் தட்டுகளில் பிடித்தது உண்மை. கீழ்த் தட்டுப் புத்தகங்களுக்கு ஒரு குறையும் இல்லை, விடுமுறைக்கு முந்தின வாரம் அவற்றைத் துடைத்து அடுக்கியவள் நான்தான். பட்டியலைக் கேட்டால் உன் வேலையைப் பார் என்கிறார். நீக்கக் குழு கூடியதாகப் பிற்பாடு கையெழுத்து வாங்கிக்கொண்டார். 'நீக்கப்பட்டது' என்ற முத்திரைக் கட்டை அவருக்கு ஆறாவது விரல். நாங்கள் அவரை 'நீக்கம்மா' என்றுதான் சொல்வோம். இப்படி ஒருவரை என்ன செய்வது?

நுரை வாயிலேயே நின்றுவிட்டது. நீக்கம்மா. தேநீர் அறைக்குள் அவள் நுழைந்தவுடன் சிரிப்பு நின்றுபோவதை இத்தனை நாள் மரியாதை என்று எண்ணியிருந்தாள்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. எழுதியதெல்லாம் பொய்யாக இருந்தால் அவ்வளவு வந்திருக்காது. பின்னறைக் கூரைக்குள் குழாய் கசிந்ததும், மேல் தட்டுகளில் கறுப்புப் பொடி படர்ந்ததும், விடுமுறையில் ஓர் ஆளும் இல்லாமல் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாலு நாள் தனியாக எடுத்துக் கட்டியதும் அவளுக்குத்தான் தெரியும். கீழ்த் தட்டுகளுக்கும் பரவிவிடும் என்ற பயத்தில் அவற்றையும் சேர்த்துக் கட்டினாள். அங்கேதான் கை மிஞ்சிப் போனது. நீக்கக் குழுவின் கையெழுத்தை இரண்டு வாரம் கழித்து வாங்கினாள். அதுவும் உண்மை. மடியில் கனம் இருந்ததால்தான் பட்டியலை யாருக்கும் காட்டாமல் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

நாத்தனார் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், ஒரு முகத்தைப் பார்த்தே சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். திரையை முழுக்கப் படித்துவிட்டு, இதை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் ஒன்றையும் அழித்ததில்லை என்றாள் தலைமை நூலகர்.

"அப்போ வேற யார்கிட்டயாவது இதைக் குடுங்க அண்ணி. எங்க லேப்ல சொந்த ரத்தத்தைச் சொந்தக் கையால டெஸ்ட் பண்ண விடமாட்டாங்க. நல்லவங்களா இருந்தாலும் சரி, கெட்டவங்களா இருந்தாலும் சரி."

"எனக்கு யாரு இருக்கா குடுக்கிறதுக்கு? நான் நேர்மையாத்தான் செய்வேன்."

"நேர்மையா இல்லைன்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு நாத்தனார் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேர்மையாகத்தான் செய்தாள். பெயரை எடுத்தாள். கல்லூரியை எடுத்தாள். 'நீக்கம்மா'வுக்கு வந்தபோது விரல் தயங்கியது. பட்டப்பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமே, எடுத்துவிடலாமே என்று மனம் ஒரு சாக்குத் தேடியது. உலகத்தில் ஐந்தே பேருக்குத் தெரிந்த பெயரை எடுப்பது தனக்குத் தானே சலுகை செய்வது என்று பட்டதால் அதை அப்படியே விட்டாள். அந்த இடத்தில் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள். பிறகு மறுபடி ஒரு தடவை படித்தாள். ஆயிரம். ஆயிரமா? எவள் எண்ணினாள்? ஒவ்வொரு புத்தகத்துக்கும் தன் கையால் வரிசை எண் போட்டு எழுதிய பட்டியல் அது, கடைசி வரியின் எண் அறுநூற்று எண்பத்திரண்டு. கை தன்பாட்டுக்கு 'ஆயிர'த்தை அழித்து 'அறுநூற்று எண்பத்திரண்டு' என்று போட்டது. அது ஒரு முடிவுகூட அல்ல, சட்டையில் ஏறிய எறும்பைத் தட்டிவிடுவது மாதிரி. அனுமதியை அழுத்திவிட்டு வாயைக் கொப்பளிக்கப் போனாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கெட்டது கையால்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. மத்தியானத்துக்குள் எழுபது பதில்கள். புத்தகக் கொலைகாரி என்றார் ஒருவர். இந்த மாதிரி ஆட்களை முதலில் நீக்கி முத்திரை குத்த வேண்டும் என்றார் இன்னொருவர். புலி, பதவியைப் பிடுங்கிப் பின்னறையிலேயே பூட்டிவைக்கச் சொன்னார். சாயங்காலம் ஆவதற்குள் 'நீக்கம்மா' என்பது குழுவின் சொல்லாகவே ஆகிவிட்டது. எங்கள் ஊரிலும் ஒரு நீக்கம்மா உண்டு, எங்கள் நீக்கம்மா இதைவிட மோசம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். தன்னைத் திட்டிய எழுபதையும் அவளே படித்து, ஒவ்வொன்றாக அனுமதித்தாள். பூஞ்சை பிடித்த அறையில் ஒரு நாளாவது நின்று பார்த்தவர்கள் பேசட்டும் என்று ஒரே ஒருவர் பரிந்து எழுதியிருந்தார். அதை மற்றவற்றுக்கு முன்னால் தள்ளிவிடத் தோன்றியது. தள்ளவில்லை. அது அதன் முறைக்கு வந்தது, வந்த வேகத்தில் அவரையும் கடித்துக் குதறினார்கள்.

எதிர்மேஜையில் உதவி நூலகர் திரும்பிவந்த புத்தகங்களைப் பதிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. இருபத்தேழு வயது, நெட்டை உடம்பு, நாளுக்கு ஒரு சாக்கோடு பத்து நிமிஷம் தாமதமாக வருகிறவள். தலைமை நூலகருக்கு அவளைப் பிடிக்காது. பதிவு வந்த பிறகு வந்த வெறுப்பல்ல, முதல் வாரத்திலிருந்தே பிடிக்காது. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள்.

இழுப்பறையில் நீக்கப் பட்டியலுக்கு மேலேயே இன்னொரு தாளும் இருந்தது. அந்தப் பெண்ணின் தகுதிகாண் காலம் முடிகிறது. அவளை நிரந்தரமாக்கலாமா என்ற அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தலைமை நூலகர் அதைப் போன வியாழக்கிழமையே எழுதி முடித்திருந்தாள். அடிக்கடி தாமதம். பதிவேடுகளில் கவனம் போதாது. கையிருப்புச் சரிபார்ப்பில் மூன்று புத்தகங்களை எண்ணாமல் விட்டார். ஆறு மாதம் நீட்டிக்கலாம். நீட்டித்தால் வருஷக் கடைசியில் அந்தப் பணியிடத்தையே கல்லூரி ரத்து செய்துவிடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆறு மாதம் என்று எழுதினாலும் வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம்.

இப்போது அந்தத் தாள் அவளைப் பார்த்துச் சிரித்தது. அப்படியே கொடுத்தால் பழிவாங்கல். மாற்றி எழுதினால், நான்கு பேர் திட்டியதும் பயந்துபோன கோழைத்தனம். இரண்டு நாள் இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

புதன்கிழமை, வாசகர்கள் சாப்பிடப் போன நேரம். உதவி நூலகர் வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை. குரலை ஏற்றவும் இல்லை.

"மேடம், நான் ஆயிரம்னு எழுதினேன்."

என்ன சொல்கிறாய் என்று கேட்க வாயைத் திறந்த தலைமை நூலகர், கேட்காமலே மூடிக்கொண்டாள். புரிந்துவிட்டது.

"பத்து தடவை என் மெயிலை எடுத்துப் பார்த்தேன். ஆயிரம்னுதான் இருக்கு. குரூப்ல அறுநூத்தி எண்பத்திரண்டுன்னு வந்திருக்கு. அந்த நம்பர் இந்த ரூம்ல ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"நான் திருத்தினது உண்மைதான். தப்பான நம்பரைத் திருத்தினேன்."

"எல்லாரும் அப்படிப் பார்ப்பாங்களா மேடம்? நீங்க பண்ணின தப்பை நீங்களே குறைச்சுப் போட்டுக்கிட்டீங்கன்னுதான் பார்ப்பாங்க."

தலைமை நூலகருக்கு அந்தக் கோணம் அதுவரை தோன்றவே இல்லை. ஆயிரம் அறுநூறாகியிருக்கிறது. யாருடைய குற்றம் குறைந்தது? அவளுடையது. யார் குறைத்தது? அவள். 'நீக்கம்மா'வை விட்டுவைத்தேனே என்று நாலாயிரத்து இருநூறு பேரிடம் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? சொந்த ரத்தம் என்று நாத்தனார் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆனால் எதிரே நிற்பவளிடம் அதைக் காட்டிக்கொள்ள அவள் தயாராக இல்லை.

"நிரந்தரம் பண்ணணும், இல்லைன்னா குரூப்ல சொல்லிடுவேன். அதானே சொல்ல வந்த?"

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "குரூப்ல எப்படியும் சொல்லத்தான் போறேன். என் ரிப்போர்ட்ல நீங்க என்ன வேணாலும் எழுதிக்குங்க. எனக்கு அந்தப் பட்டியல் வேணும். எதெல்லாம் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் கேக்குற பசங்களுக்கு வேற எங்கிருந்தாவது வரவழைச்சுக் குடுக்க முடியும். பாலம் கட்டுறது பத்தின புத்தகத்தை ஒரு பையன் மூணு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கான்."

தலைமை நூலகர் இழுப்பறையைத் திறந்தாள். அறிக்கையை எடுத்து மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். எழுதிய தேதியின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். உன் பதிவு வருவதற்கு நாலு நாள் முன்னால் எழுதியது, பார்த்துக்கொள் என்றாள். உதவி நூலகர் படித்தாள். கவனம் போதாது என்ற வரியில் அவள் கண் நின்றதைத் தலைமை நூலகர் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

அடியிலிருந்த நீக்கப் பட்டியலை எடுத்து அதற்குப் பக்கத்தில் போட்டாள். முப்பத்தைந்து தாள்.

"எடுத்துக்கிட்டுப் போ. எண்ணிப் பாரு. ஆயிரம் இருந்தா வந்து சொல்லு."

கதவருகே போன அந்தப் பெண் திரும்பினாள். "நான் குரூப்புக்கு அனுப்பினா நிறுத்துவீங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணையும் நிறுத்தினதில்ல."

வியாழக்கிழமை காலை வரிசையில் அது நின்றது. இந்தத் தடவை பெயரை மறைக்கச் சொல்லவில்லை, உதவி நூலகர் தன் பெயரிலேயே எழுதியிருந்தாள். பெயரில்லாமல் வந்த பதிவு என்னுடையது. அதில் சொல்லப்பட்ட தலைமை நூலகரும், பதினைந்து வருஷமாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் நெறியாளரும் ஒரே ஆள். நான் எழுதிய எண்ணை அவர் என்னைக் கேட்காமல் குறைத்திருக்கிறார். பட்டியலைக் கேட்டேன், கொடுத்தார். நேற்று ஒவ்வொரு வரியாக எண்ணினேன். ஆயிரம் என்று நான் எழுதியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அறுநூற்று எண்பத்திரண்டு என்று அவர் திருத்தியதும் தப்பு. சரியான கணக்கு அறுநூற்று எண்பத்து மூன்று. வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு இரண்டு புத்தகங்களுக்குப் போடப்பட்டிருக்கிறது.

தலைமை நூலகர் முதலில் கோபப்பட்டாள். என் பட்டியலிலா? கைப்பையை எடுத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் முன்னதாகவே நூலகத்துக்குப் போய்க் கதவைத் திறந்தாள். பட்டியல் அவள் மேஜைமேல் திரும்பி வந்திருந்தது. இருபத்தோராவது தாளின் கடைசி வரி நானூற்றுப் பன்னிரண்டு, வடிகால் அமைப்பு பற்றிய நூல். தாளைப் புரட்டினாள். அடுத்த தாளின் முதல் வரியும் நானூற்றுப் பன்னிரண்டு, பாலம் கட்டும் முறைகள். அந்த இடத்தில் அவள் மூக்குத் துணியை அவிழ்த்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வாரமாக ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்த புத்தகத்தை அவள் அனுப்பியது மட்டுமில்லை, எண்ணக்கூட இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவமானமாக இருந்தது. புத்தகக் கொலைகாரி என்றபோது வராத அவமானம். எழுபது பேரின் வசவையும் நிமிர்ந்து வாங்கியவளுக்கு அந்த ஒரே எண்ணில் தலை குனிந்தது.

கணினியைத் திறந்தாள். பதினைந்து வருஷம் என்று எழுதியிருக்கிறாளே, பதினோரு வருஷம்தானே. கை எழுந்தது. அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல், அனுமதியை அழுத்தினாள்.

உதவி நூலகர் அன்றைக்கும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வந்தாள். தலைமை நூலகர் புதிய படிவம் ஒன்றை எடுத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவளைக் கூப்பிட்டு, படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். உதவி நூலகர் நின்றபடியே படித்தாள். ஒழுங்கு: அடிக்கடி தாமதமாக வருகிறார். பதிவேடுகளில் கவனம்: என்னைவிட அதிகம். பரிந்துரை: நிரந்தரமாக்கலாம்.

நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் தலைமை நூலகருக்கு எரிச்சல்தான் வந்திருக்கும்.

"தாமதம்னு அப்படியே போட்டிருக்கீங்க" என்றாள் உதவி நூலகர்.

"தாமதமாத்தானே வர்ற?"

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள்.

தலைமை நூலகர் வரிசையைத் திறந்தாள். அறுபத்து மூன்று பதிவுகள் நின்றன. முதலாவது புலியுடையது. நெறியாளர் என்ற போர்வைக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்த நீக்கம்மா இன்றைக்கே இந்த இடத்தைவிட்டு நீங்க வேண்டும், நீதிபதி நாற்காலியில் குற்றவாளியை உட்காரவைத்த வெட்கம் இந்தக் குழுவுக்குப் பத்து வருஷத்துக்குப் போகாது என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தாள். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. அனுமதித்தாள்.